பெண்கள் பிரிவில் திருநங்கையர்: எல்லைக்கோடு எங்கே, அளப்பவர் யார்?

3 செப்டம்பர் 2025, வாசகர் கேள்வி

"திருநங்கைகள் பெண்கள் பிரிவில் போட்டியிடுவது நியாயமா, இல்லையா? முதலில் அறுவை சிகிச்சை வேண்டும் என்றார்கள். பிறகு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைந்திருந்தால் போதும் என்றார்கள். இந்த மாதம் முதல் தேதியிலிருந்து உலகத் தடகளக் கூட்டமைப்பு மரபணுச் சோதனை கேட்கிறது. ஒவ்வொரு முறையும் இதுதான் அறிவியல் என்று சொல்லப்படுகிறது. தடகள நடுவராக நீண்ட காலம் இருந்தவர் நீங்கள். இரு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நழுவாமல் பதில் சொல்லுங்கள்."

4 செப்டம்பர் 2025

நழுவவில்லை. வேகமும் வலிமையும் வெற்றியைத் தீர்மானிக்கும் விளையாட்டுகளில், உயர்மட்டப் பெண்கள் போட்டியில், ஆண் உடலாகப் பருவமடைந்து முடித்த ஒருவர் போட்டியிடக் கூடாது என்பதே என் கருத்து. அந்த விதியை நடைமுறைப்படுத்துகிறோம் என்ற பெயரில் நடப்பவற்றில் பாதி எனக்கு ஏற்புடையதல்ல என்பது இதன் மறுபாதி; அதைப் பிறகு எழுதுகிறேன்.

பெண்கள் பிரிவு என்று ஒன்று ஏன் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நூறு மீட்டரில் ஆண்கள் சாதனை 9.58 விநாடி, பெண்கள் சாதனை 10.49 விநாடி. உயரம் தாண்டுதலில் கியூபாவின் சோட்டோமேயர் 1993இல் தாண்டியது 2.45 மீட்டர், உக்ரைனின் மஹுச்சிக் 2024இல் தாண்டியது 2.10 மீட்டர். ஓட்டத்தில் இந்த இடைவெளி பொதுவாகப் பத்து முதல் பன்னிரண்டு விழுக்காடு. தாண்டுதலில் அதைவிடக் கூடுதல். பளு தூக்குதலில் முப்பது விழுக்காட்டையும் தொடும். பத்து விழுக்காடு என்பது காகிதத்தில் சிறியதாகத் தெரியலாம். ஸ்டாப்வாட்சுடன் எல்லைக்கோட்டருகே நின்றவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய தூரம் என்பது தெரியும்: நானூறு மீட்டரில் பத்து விழுக்காடு பின்தங்கியவர், முதலில் வந்தவர் கோட்டைத் தாண்டும்போது முப்பத்தைந்து மீட்டருக்கு மேல் பின்னால் இருப்பார் என்பது கணக்கு.

பருவமடைவதற்கு முன் ஆண், பெண் குழந்தைகளிடையே இந்த இடைவெளி மிகக் குறைவு. பிறகு ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் பெண்களுடையதைப்போலப் பத்து, பதினைந்து மடங்காக உயரும்போதுதான் உயரம், எலும்பின் நீளம், தசைத் திரட்சி, இதயத்தின் அளவு, இரத்தத்தின் ஹீமோகுளோபின் எல்லாம் பிரிந்து போகின்றன. இந்த ஒரு வேறுபாட்டைத் தவிர்ப்பதற்காகப் போடப்பட்ட வேலியே பெண்கள் பிரிவு.

5 செப்டம்பர் 2025

அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் கைகள் நீளமானவை, அதை யாரும் தடை செய்யவில்லையே என்று ஒரு நண்பர் கேட்கிறார். இந்த வாதம் ஒவ்வொரு முறையும் வருகிறது. கை நீளத்துக்கென்று தனிப் பிரிவு நாம் வைக்கவில்லை. எடைக்கு வைத்திருக்கிறோம், வயதுக்கு வைத்திருக்கிறோம், உடற்குறைபாட்டின் அளவுக்கு வைத்திருக்கிறோம், பாலினத்துக்கு வைத்திருக்கிறோம். ஒரு பிரிவுக்குள் இயற்கை தந்த வரம் எதுவானாலும் கைதட்டலாம். அந்தப் பிரிவு எந்த வேறுபாட்டைத் தடுப்பதற்காக உருவானதோ, அதே வேறுபாட்டை வரம் என்று சொல்லி உள்ளே விட முடியாது. 48 கிலோ எடைப் பிரிவில் 80 கிலோ மல்யுத்த வீரர் தன் எடையும் இயற்கையாக வந்ததுதான் என்று வாதாடினால், தராசின் அருகில் நிற்கும் நடுவர் என்ன செய்வார்?

9 செப்டம்பர் 2025

அப்படியானால் ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொண்ட பிறகு அந்த வேறுபாடு போய்விடாதா என்பதே அடுத்த கேள்வி. விவாதத்தின் மையம் இதுதான் என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன்.

சர்வதேச ஒலிம்பிக் குழு 2003இல் ஸ்டாக்ஹோமில் எடுத்த முடிவின்படி அறுவை சிகிச்சையும், குறைந்தது இரண்டு ஆண்டு ஹார்மோன் சிகிச்சையும், சட்டப்படியான அங்கீகாரமும் தேவைப்பட்டன. 2015இல் அறுவை சிகிச்சை நிபந்தனை நீக்கப்பட்டு, பன்னிரண்டு மாதங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 10 நானோமோலுக்குக் கீழே இருந்தால் போதும் என்றானது. ஆரோக்கியமான பெண்களிடம் இந்த அளவு 2 நானோமோலைக்கூட எட்டுவதில்லை. ஆண்களிடம் ஏறத்தாழ 8 முதல் 29 வரை இருக்கும். அதாவது, பெண்கள் பிரிவுக்கென்று வைத்த உச்ச வரம்பு ஆண்களின் இயல்பான எல்லைக்குள்ளேயே கால் வைத்திருந்தது. இதை எந்த அடிப்படையில் முடிவு செய்தார்கள் என்று அப்போதே பல பயிற்சியாளர்கள் முணுமுணுத்தார்கள். 2021 நவம்பரில் அந்தக் குழு, யாருக்கும் சாதகம் இருப்பதாக முன்கூட்டியே அனுமானிக்கக் கூடாது, அந்தந்த விளையாட்டின் கூட்டமைப்பே ஆதாரத்துடன் முடிவு செய்யட்டும் என்று பொறுப்பைக் கைமாற்றிவிட்டது.

ஆய்வுகள் காட்டுவது இது. டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால் ஹீமோகுளோபின் நான்கு மாதங்களுக்குள் பெண்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. தசையும் வலிமையும் அப்படி இறங்குவதில்லை. ஓராண்டுக்குப் பிறகும் இழப்பு ஐந்து விழுக்காடு அளவில்தான் நிற்கிறது. அமெரிக்க விமானப் படையினரின் உடல்தகுதிப் பதிவுகளைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வு எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது: இரண்டு ஆண்டு சிகிச்சைக்குப் பிறகு, தண்டால் எடுப்பதிலும் வயிற்றுப் பயிற்சியிலும் திருநங்கைகளுக்கும் மற்றப் பெண்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடு மறைந்துவிட்டது, ஒன்றரை மைல் ஓட்டத்தில் மட்டும் அவர்கள் பன்னிரண்டு விழுக்காடு வேகமாகவே இருந்தார்கள். ஒரே உடலில், ஒரே சிகிச்சையில், ஒரு சாதகம் போகிறது, இன்னொன்று நிற்கிறது. "சாதகம் இருக்கிறது", "சாதகம் இல்லை" என்று இரண்டு தரப்பும் இதே ஆய்வை மேற்கோள் காட்டுவதில் வியப்பில்லை.

இதில் ஒரு குறை உண்டு. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பயிற்சி பெற்ற வீராங்கனைகளிடம் செய்யப்பட்டவையல்ல. ஒலிம்பிக் குழுவின் நிதியுடன் 2024இல் வெளியான ஓர் ஆய்வு விளையாட்டில் ஈடுபடும் திருநங்கைகளை ஆய்வுக்கூடத்தில் அளந்தது. கைப்பிடி வலிமை அவர்களுக்குக் கூடுதல், ஆனால் உடல் எடையோடு ஒப்பிட்டால் தாண்டும் உயரமும் ஆக்சிஜன் கொள்ளளவும் மற்றப் பெண்களைவிடக் குறைவு என்று கண்டது. பெரிய சட்டகத்தைச் சிறிய இயந்திரம் இழுக்க வேண்டியிருக்கிறது என்று இதைச் சிலர் விளக்குகிறார்கள். அதில் பங்கேற்றவர்கள் சிலரே, ஒரே ஒரு முறை எடுத்த அளவு. அதை வைத்து விதி எழுத முடியாது. அதைப் பார்க்காததுபோல் நடிக்கவும் கூடாது.

10 செப்டம்பர் 2025

நேற்று எழுதியதில் விட்டுப்போனது: எலும்பு. பதினெட்டு வயதில் முடிந்துபோன உயரத்தையும், கை கால் நீளத்தையும், தோளின் அகலத்தையும் எந்த மாத்திரையும் திரும்பப் பெறாது. அதனால்தான் நீச்சல் கூட்டமைப்பு 2022 ஜூனில், இரத்தத்தில் இப்போது எவ்வளவு ஹார்மோன் இருக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, ஆண் பருவமாற்றத்தைக் கடந்தவரா என்று கேட்கத் தொடங்கியது. பருவமாற்றத்தின் இரண்டாம் கட்டம் அல்லது பன்னிரண்டு வயது, இவற்றில் எது பிந்தியதோ அதற்கு முன்பே அதைத் தடுத்துக்கொண்டவர் மட்டுமே பெண்கள் பிரிவில் நீந்தலாம் என்றது. 71.5 விழுக்காடு வாக்குகளுடன் அது நிறைவேறியது. தடகளம் 2023 மார்ச்சிலும், சைக்கிள் பந்தயம் அதே ஆண்டு ஜூலையிலும், கிரிக்கெட் நவம்பரிலும் ஏறக்குறைய அதே கோட்டைப் போட்டன.

எண்ணிக்கை பற்றிப் பலர் எழுதுகிறீர்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவர் 2024 டிசம்பரில் செனட் குழுவிடம், தங்கள் 5,10,000 வீரர்களில் தமக்குத் தெரிந்த வரை திருநங்கை, திருநம்பி வீரர்கள் பத்துக்கும் குறைவு என்றார். தடகளக் கூட்டமைப்பு 2023இல் தடை அறிவித்த நாளில், உலக அளவில் போட்டியிடும் திருநங்கை வீராங்கனை ஒருவர்கூட அதன் பட்டியலில் இல்லை என்று அதன் தலைவரே சொன்னார். டோக்கியோ ஒலிம்பிக்கில் பளு தூக்கிய நியூசிலாந்தின் திருநங்கை லாரல் ஹப்பார்டுக்கு அப்போது வயது 43. மூன்று முயற்சிகளிலும் தோற்று, ஒரு எடையைக்கூடத் தூக்காமல் வெளியேறினார். அமெரிக்காவின் திருநங்கை நீச்சல் வீராங்கனை லியா தாமஸ் 2022இல் ஐந்நூறு கஜ நீச்சலில் கல்லூரிச் சாம்பியன் ஆனார். அதே போட்டியில் இருநூறு கஜத்தில் ஐந்தாமிடத்தைப் பகிர்ந்தார், நூறு கஜத்தில் எட்டாவதாக வந்தார்.

ஆகவே விளையாட்டையே அழிக்க வந்த வெள்ளம் என்று பேசுவது மிகை. அதற்காக, சிலர்தானே என்று சொல்லிக் கடந்துவிடவும் முடியாது. இறுதிப் போட்டிக்கு எட்டுப் பாதைகள்தான் இருக்கின்றன. ஒன்பதாவதாக வந்தவளிடம் போய் இது புள்ளிவிவரப்படி அரிது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

11 செப்டம்பர் 2025

பாரிஸ் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் திருநங்கை ஒருவர் தங்கம் வென்றார் என்று இங்கே எழுதியவர்களுக்குச் சுருக்கமாக: அல்ஜீரியாவின் இமானே கெலிஃப் திருநங்கை அல்லர். பெண்ணாகப் பிறப்புப் பதிவு செய்யப்பட்டு, பெண்ணாக வளர்ந்து, பெண்கள் பிரிவிலேயே எப்போதும் சண்டையிட்டவர். டோக்கியோவில் காலிறுதியில் தோற்றபோது யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை. 2024இல் தங்கம் வென்றபோது உலகமே மரபியல் நிபுணர் ஆனது. அவரது தகுதி குறித்த தகராறு வேறு வகையானது. அதையும் திருநங்கைகள் பற்றிய கேள்வியையும் ஒன்றாகக் கட்டுவதால் இரண்டுமே குழம்புகின்றன.

16 செப்டம்பர் 2025

இப்போது நான் முதல் குறிப்பில் சொன்ன மறுபாதிக்கு வருகிறேன்.

"தகுதி விதி" என்று நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் ஒரு பெண்ணின் உடலைச் சோதிப்பதற்கான உத்தரவாக முடிகிறது. 1966இல் புடாபெஸ்ட் ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர் குழுவின் முன் ஆடையின்றி நிற்க வேண்டியிருந்தது. அது அவமானம் என்று உணர்ந்து, 1968 முதல் ஒலிம்பிக்கில் கன்னத்தின் உட்புறச் செல்லை எடுத்துக் குரோமோசோம் பார்த்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே போலந்தின் ஏவா க்வோபுகோவ்ஸ்கா குரோமோசோம் சோதனையில் தகுதியிழந்து, அவருடைய சாதனைகள் நீக்கப்பட்டன. ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பத்தினோ 1985இல் கோபே நகரில் சோதனையில் தோற்றார். விஷயம் வெளியே கசிந்தது. பதக்கங்களும், உதவித்தொகையும், நிச்சயிக்கப்பட்டிருந்த திருமணமும் போயின. பொதுவாக ஆண்களிடம் இருக்கும் ஒய் குரோமோசோம் அவருக்கு இருந்தது. ஆனால் அவர் உடல் டெஸ்டோஸ்டிரோனை உணரும் ஆற்றலே அற்றது, ஆகவே அதனால் கடுகளவு சாதகமும் அவருக்கு இல்லை. மூன்று ஆண்டுகள் போராடித் திரும்பிவந்தார். 1996 அட்லாண்டாவில் 3,387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு ஒய் குரோமோசோம் சார்ந்த மரபணு தென்பட்டது. எட்டுப் பேரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். அந்த முப்பது ஆண்டுச் சோதனையில், பெண் வேடமிட்டு வந்த ஆண் என்று ஒருவரும் பிடிபடவில்லை. 1999இல் ஒலிம்பிக் குழு அதைக் கைவிட்டது.

கைவிட்டதும் தொடங்கியது சந்தேகத்தின் பேரிலான சோதனை. அது முன்னதைவிடக் கொடியது. சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் எண்ணூறு மீட்டரில் வெள்ளி வென்றார். சோதனை முடிவு ஊடகங்களின் வழியாக உலகுக்குத் தெரிந்தது, பதக்கம் பறிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 2009இல் பெர்லினில் எண்ணூறு மீட்டரை 1:55.45இல் ஓடி வென்றபோது அவருக்கு வயது பதினெட்டு; இறுதிப் போட்டி தொடங்குவதற்கு முன்பே அவருடைய பாலினச் சோதனைச் செய்தி பரவியிருந்தது. 2014இல் இந்திய ஓட்ட வீராங்கனை டூட்டீ சந்த் காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்காடி, இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக உள்ள பெண்களைத் தடுத்த விதியையே 2015இல் இடைநிறுத்தச் செய்தார்: இயற்கையாக அமைந்த கூடுதல் டெஸ்டோஸ்டிரோனால் அவருக்குக் கிடைப்பதாகச் சொல்லப்படும் சாதகம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டுக்கு நிகரானது என்று கூட்டமைப்பு நிறுவவில்லை என்பதே மன்றத்தின் காரணம்.

இவர்களில் ஒருவர்கூடத் திருநங்கை அல்லர் என்பதை மறுபடி பார்க்கவும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இளையோர் போட்டி ஒன்றில் நானூறு மீட்டர் பெண்கள் இறுதிக்கு முன், ஓடப்போகிறவர்களை அழைத்துச் சரிபார்க்கும் அறையில் (கால் ரூம்) பொறுப்பில் இருந்தேன். தகுதிச் சுற்றில் இரண்டாவதாக வந்த பெண்ணின் தந்தை தடுப்புக் கயிற்றைத் தாண்டி வந்து, முதலில் வந்த பெண்ணைக் கை நீட்டிக் காட்டி, "குரலைக் கேளுங்கள், மேலுதட்டைப் பாருங்கள், சோதனை செய்யாமல் ஓட விடாதீர்கள்" என்றார். அவளுக்கு வயது பதினாறு. பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்திருந்தாள். செஸ்ட் நம்பரின் நான்கு ஊக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஏற்கெனவே நேராக இருந்த அந்தத் துணியை மறுபடி நேராக வைத்து, ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டாள், தலையை நிமிர்த்தவேயில்லை. தலைமை நடுவர் பிறப்புச் சான்றிதழ் பதிவைக் காட்டி அந்த மனிதரை அனுப்பிவைத்தார். இறுதிப் போட்டியில் அவள் நான்காவதாக வந்தாள். புகார் அத்தோடு காணாமல் போனது; நான்காவதாக வந்தவளின் மேலுதடு யாருக்கும் தேவைப்படவில்லை. அன்று எங்களிடம் சோதனை நடைமுறை என்று எதுவும் இல்லாதது அவளுடைய நல்ல காலம். இருந்திருந்தால், அதை நடத்தும் வேலை என் கைக்கு வந்திருக்கும்.

17 செப்டம்பர் 2025

அப்படியானால் முதல் நாள் சொன்னதை வாபஸ் வாங்குகிறீர்களா என்று கேட்கிறார்கள். இல்லை. உயர்மட்டத்தில் கோடு தேவை என்பதும், அந்தக் கோட்டைக் காக்க நிற்பவரின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்பதும் இரண்டு கேள்விகள். கோடு வேண்டும் என்பவர்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதேயில்லை, வேண்டாம் என்பவர்கள் முதல் கேள்வியைக் கேட்பதேயில்லை என்பதுதான் என் குறை.

22 செப்டம்பர் 2025

டோக்கியோ உலகத் தடகளப் போட்டி நேற்று முடிந்தது. பெண்கள் பிரிவில் போட்டியிட, வழக்கமாக ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்ஆர்ஒய் மரபணுவுக்கான சோதனை கட்டாயம் என்ற விதியின் கீழ் நடந்த முதல் உலகப் போட்டி. வாழ்நாளில் ஒரு முறை, கன்னத்தின் உட்புறத்திலிருந்தோ இரத்தத்திலிருந்தோ மாதிரி எடுத்தால் போதும்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: எல்லோருக்கும் பொது. மேலுதட்டைப் பார்த்து ஆள் பொறுக்கும் வேலை இல்லை. அந்தத் தந்தை வந்து கத்தினால், "அவள் சோதனை முடித்தவள், நீங்கள் கிளம்பலாம்" என்று ஒரே வரியில் அனுப்பிவிடலாம். சந்தேகத்தின் பேரிலான சோதனையைவிட இது மேலானது என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

23 செப்டம்பர் 2025

சதுரங்கம் பற்றி ஒருவர் நக்கலாகக் கேட்டிருந்தார். நக்கல் இல்லை, உண்மையிலேயே நடந்தது. 2023 ஆகஸ்டில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு, மேலும் ஆராய்ந்து முடிவெடுக்கும் வரை திருநங்கைகள் பெண்களுக்கான அதிகாரப்பூர்வப் போட்டிகளில் பங்கேற்க முடியாது, அதற்கு இரண்டு ஆண்டுகள் வரை ஆகலாம் என்று அறிவித்தது. குதிரையை நகர்த்துவதற்கு எந்தத் தசை தேவைப்படுகிறது என்பதை மட்டும் அது விளக்கவில்லை.

எல்லாக் கோடும் உடலைப் பார்த்துப் போடப்படுவதில்லை என்பதற்குத் துப்பாக்கி சுடுதலிலும் சாட்சி உண்டு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் பிரிவு இருபாலருக்கும் பொதுவானது. தங்கம் வென்றவர் சீனாவின் சாங் ஷான் என்ற பெண். அடுத்த ஒலிம்பிக்கில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது, பெண்களுக்கென்று ஸ்கீட் வைக்கவில்லை. தன் பட்டத்தைக் காக்க அவருக்கு இடமே இல்லை. பெண்களுக்கான ஸ்கீட் 2000இல்தான் வந்தது. வேறுபாடு எங்கே நிரூபிக்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் வேலி என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தடகளத்துக்கு எழுதிய விதியைப் பிரதியெடுத்துச் சதுரங்கத்துக்கும் அம்புக்கும் ஒட்டக் கூடாது.

6 அக்டோபர் 2025

மரபணுச் சோதனையைப் பற்றி எழுதியதை இரண்டு வாரமாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் பொது என்பதில் உள்ள மேன்மை மாதிரி எடுக்கும் நிமிடத்தோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு என்ன?

எஸ்ஆர்ஒய் என்பது கருவில் விந்தகம் உருவாகத் தொடக்கம் தரும் மரபணு. அது இருக்கிறதா என்று சோதனை சொல்லும். உடல் டெஸ்டோஸ்டிரோனைச் சுரந்ததா, சுரந்தாலும் உணர்ந்ததா, பயன்படுத்தியதா என்பதைச் சொல்லாது. 1990இல் அதைக் கண்டறிந்தவர்களில் முதன்மையானவரான ஆண்ட்ரூ சின்க்ளேரே, தன் கண்டுபிடிப்பை இதற்குப் பயன்படுத்துவது சரியல்ல என்று இந்த ஆண்டு எழுதினார். பத்தினோவைப் போல டெஸ்டோஸ்டிரோனை முற்றிலும் உணராத உடலுக்குத் தடகளக் கூட்டமைப்பின் விதி விலக்கு தருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த விலக்கைப் பெற மேல்சோதனை, மரபியல் மருத்துவர், ஆவணம், காத்திருப்பு எல்லாம் வேண்டும். பதினேழு வயதில் முதன்முறையாகத் தேசிய அணிக்குத் தேர்வாகும் ஒரு பெண், தன் உடலைப் பற்றித் தனக்கே தெரியாத ஒரு செய்தியை அணி மேலாளர் கையிலிருக்கும் உறையிலிருந்து தெரிந்துகொள்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு அதை எடுத்துச் சொல்பவர் யார்? அணி அறிவிப்பில் அவள் பெயர் மட்டும் விடுபட்டால், ஏன் என்று கேட்கும் அண்டை வீட்டாருக்கு என்ன பதில்? சாந்திக்கு நேர்ந்தது சோதனையின் பிழையால் மட்டும் நேர்ந்ததல்ல. முடிவைக் கையாண்டவர்களின் வாயால் நேர்ந்தது.

ஆகவே 22ஆம் தேதி எழுதியதை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: பெரியவர்களின் உலக அளவிலான போட்டிக்கு இந்தச் சோதனையை ஏற்கிறேன். முதல் சோதனையில் கேள்வி எழுந்தால் தகுதியிழப்பு உடனே வரக் கூடாது; முடிவு வீராங்கனைக்கும் ஒரு மருத்துவருக்கும் மட்டுமே தெரிய வேண்டும்; மேல்சோதனையின் செலவு கூட்டமைப்பினுடையது; கசியவிட்டவருக்கு ஊக்கமருந்துக் குற்றத்துக்கு நிகரான தண்டனை வேண்டும். கடைசி நிபந்தனையை எந்தக் கூட்டமைப்பும் இதுவரை எழுதியதாகத் தெரியவில்லை.

7 அக்டோபர் 2025

செமன்யாவின் வழக்கு பற்றிக் கேட்டவருக்கு: 2019 மே மாதம் விளையாட்டு நடுவர் மன்றம், இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக உள்ள அவரைப் போன்றவர்கள் அதைக் குறைத்தால்தான் ஓடலாம் என்ற விதி பாகுபாடானதுதான், ஆனால் அவசியமான, நியாயமான பாகுபாடு என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. கடந்த ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரு அமர்வு, சுவிட்சர்லாந்து நீதிமன்றம் அவர் முறையீட்டைப் போதிய கவனத்தோடு விசாரிக்கவில்லை, நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்றது. விதி சரியா தவறா என்று அது சொல்லவில்லை. இரு தரப்பும் வெற்றி என்று அறிவித்ததை நம்ப வேண்டாம்.

19 அக்டோபர் 2025

திறந்த பிரிவு என்று ஒன்றை வைத்து அனைவரையும் அதில் சேர்த்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடாதா என்று பலர் எழுதுகிறீர்கள். செய்து பார்த்தாகிவிட்டது. 2023 அக்டோபரில் பெர்லின் நீச்சல் உலகக் கோப்பையில் திறந்த பிரிவு அறிவிக்கப்பட்டது. ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. இதில் வியக்க என்ன இருக்கிறது? அந்தப் பிரிவில் பெயர் கொடுப்பதே நான் யார் என்று உலகுக்கு அறிவிப்பதாகிறது. போட்டியாளர்கள் இரண்டு பேர் இருப்பார்களா என்பதும் தெரியாது. ஆண்கள் பிரிவையே "திறந்த பிரிவு" என்று பெயர் மாற்றிவிடுவது அதைவிட நேர்மையானது. ஆனால் பல ஆண்டுகள் ஹார்மோன் சிகிச்சை எடுத்த ஒரு திருநங்கைக்கு அங்கே வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்பதையும் கூடவே ஒப்புக்கொள்ள வேண்டும். உயர்மட்டத்தில் இதற்கு யாருக்கும் இழப்பில்லாத தீர்வு கிடையாது. நான் ஆதரிக்கும் விதியால் சிலர் தாங்கள் நேசிக்கும் விளையாட்டின் உச்சத்தை எட்ட முடியாமல் போகிறது. அதை விலையில்லாத விதிபோல் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ரக்பி போன்ற மோதல் விளையாட்டுகளில் கணக்கே வேறு. உலக ரக்பி அமைப்பு 2020 அக்டோபரில் சர்வதேசப் போட்டிகளில் தடை கொண்டுவந்தபோது முதன்மையாகச் சொன்ன காரணம் காயம். வேகமாக ஓடுபவரிடம் தோற்றால் பதக்கம் போகும், கனத்தோடு மோதுபவரிடம் தோற்றால் கழுத்து போகலாம். அங்கே கோட்டை இன்னும் கீழ்மட்டத்திலும் போடலாம் என்பதை ஏற்கிறேன்.

2 நவம்பர் 2025

கீழ்மட்டம் என்று சொன்னதும், எட்டு வயதுக் குழந்தைகளுக்கும் சோதனையா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். கூடவே கூடாது. பருவமாற்றத்துக்கு முன் இந்த விவாதத்துக்குக் காரணமான வேறுபாடே பெரிதாக இல்லை என்று முதல் குறிப்பிலேயே எழுதினேன். பதின்பருவத்தில் வேறுபாடு வரத் தொடங்குகிறது. ஆனால் பள்ளி அளவிலான போட்டியின் நோக்கம் உலகச் சாம்பியனைத் தேர்ந்தெடுப்பதல்ல, பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்துவது. அங்கே ஒரு திருநங்கைச் சிறுமியைச் சேர்த்துக்கொண்டு ஓட விடலாம். அடுத்த மட்டத்துக்குத் தேர்வாகும் இடங்களைத் தனியே கணக்கிடலாம். மற்றவளின் இடமும் போகாது, இவளின் விளையாட்டும் போகாது. நேரக் கணக்கரின் தாளில் கூடுதலாக ஒரு கட்டம் வரையும் வேலைதான் அது. பொழுதுபோக்காக ஓடும் பெரியவர்களின் போட்டிக்கும் இதுவே போதும்.

3 நவம்பர் 2025

பிறப்புச் சான்றிதழை மட்டும் பார்த்தால் எல்லாம் எளிது என்று எழுதிய நண்பருக்கு டெக்சாஸ் பள்ளி மல்யுத்தத்தைப் பார்க்கச் சொல்கிறேன். மாக் பெக்ஸ் என்ற திருநம்பி மாணவர் மருத்துவர் மேற்பார்வையில் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்டிருந்தார். ஆண்களோடு மோதவே விரும்பினார். சான்றிதழில் பெண் என்று இருந்ததால் பெண்கள் பிரிவில்தான் மோத வேண்டும் என்றது விதி. 2017, 2018 இரண்டு ஆண்டுகளிலும் மாநிலப் பட்டம் அவருக்கே. எதிராளிகளான பெண்களும் அதை விரும்பவில்லை, அவரும் விரும்பவில்லை. பார்வையாளர்களில் ஒரு பகுதி அவரைக் கேலி செய்து கூச்சலிட்டது. டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்பவர் பெண்கள் பிரிவில் நிற்கக் கூடாது என்ற ஒரே அளவுகோலை இரண்டு பக்கமும் வைத்திருந்தால் அவர் ஆண்கள் பிரிவில் மோதியிருப்பார், பட்டம் இன்னொரு பெண்ணிடம் இருந்திருக்கும். ஆண்கள் பிரிவில் போட்டியிடும் திருநம்பிக்கு மருத்துவக் காரணத்துக்கான ஊக்கமருந்து விலக்கு அனுமதி வேண்டும். அதற்கான நடைமுறை ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.